குறிப்புரை குறைந்த இயங்குதள மூலநிரலைப் படித்து ஆவணப்படுத்துவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

1975இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பின் கர்னலில் (வன்பொருளை நேரடியாக ஆளும் மையப் பகுதியில்), ஒரு பிராசஸிலிருந்து (ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலிருந்து) இன்னொன்றுக்கு மாறும் ஃபங்ஷனுக்குள், "இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை" என்ற பொருளில் புகழ்பெற்ற ஒரு குறிப்புரை (கமென்ட்) இருக்கிறது. அதை மேற்கோள் காட்டுவோர் பலரும் அதற்கு முந்தைய வரிகளை விட்டுவிடுகிறார்கள். பிராசஸ் வட்டுக்கு வெளியேற்றப்பட்டிருந்தால் ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளின் விவரங்களை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதி) எந்த நிலைக்கு மாற்றப்படுகிறது, அதையடுத்து வரும் ரிட்டர்ன் உண்மையில் எந்த ஃபங்ஷனிலிருந்து திரும்புகிறது என்பதை அவ்வரிகள் சரியாகவே சொல்கின்றன. என்ன நடக்கிறது என்பது எழுதப்பட்டிருந்தது; எதை நம்பி அது நடக்கிறது என்பதுதான் எழுதப்படவில்லை. ஒரு ஃபங்ஷன் சேமித்து வைத்த நிலைக்கு வேறொரு ஃபங்ஷனின் ரிட்டர்ன் வழியாகத் திரும்பும் அந்த ஏற்பாடு, பிடிபி-11 கணினியின் சி கம்பைலர் எல்லா ஃபங்ஷன்களிலும் ரெஜிஸ்டர்களை (பிராசசருக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களை) ஒரே முறையில் சேமித்ததால் மட்டுமே வேலை செய்தது. யூனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 கணினிக்குக் கொண்டுசென்றபோது, எந்தெந்த ரெஜிஸ்டர்கள் சேமிக்கப்பட்டன என்பதைப் பொறுத்து அங்குள்ள கம்பைலரின் ரிட்டர்ன் நிரல் மாறுபட்டதால் அந்த ஏற்பாடு உடைந்தது. ஏழாம் பதிப்பில் அது மாற்றப்பட்டது. தேர்வில் இது கேட்கப்படாது என்ற தொனியில்தான் அந்த வரி எழுதப்பட்டதென்றும், அங்கே நடப்பது தங்களுக்கே புரியாமல் இருந்ததுதான் உண்மையான சிக்கல் என்றும் யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னர் விளக்கினார்.

சி மொழி தெரிந்தவருக்குக் கர்னலின் தனித்தனி வரிகள் பெரும்பாலும் விளங்கிவிடும். அவருக்குக் கிடைக்காமல் போவது அந்த வரிகளின் பின்னுள்ள நிபந்தனைகள்: இந்த ஃபங்ஷனை அழைக்கும்போது எந்தப் பூட்டு (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் லாக்) கையில் இருக்க வேண்டும், இது தூங்கலாமா (ஓட்டத்தை நிறுத்திக் காத்திருக்கலாமா) கூடாதா, இந்த மெமரியை யார் விடுவிப்பார், இந்த இரண்டு வரிகளின் வரிசையை ஏன் மாற்றக்கூடாது. அவற்றை நிரலிலிருந்தும் அதன் வரலாற்றிலிருந்தும் மீட்டெடுத்து, மற்றவர் சரிபார்க்கக்கூடிய வடிவில் நிரலுக்கு அருகிலேயே எழுதி வைப்பதையே இந்த வழிகாட்டி ஆவணப்படுத்தல் என்று கொள்கிறது.

பதிப்பையும் கேள்வியையும் நிலைநிறுத்துங்கள்

முதல் வேலை, எந்த நிரலைப் படிக்கிறோம் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் குறித்துக்கொள்வது. கமிட்டின் (நிரல் களஞ்சியத்தில் பதிவான ஒரு மாற்றத்தின்) அடையாள எண், கம்பைலரின் பெயரும் பதிப்பும், இலக்கு பிராசசர், தொகுப்பு அமைவுக் கோப்பு ஆகிய நான்கையும் குறிப்பேட்டின் தலைப்பில் எழுதுங்கள். இவற்றில் அமைவுக் கோப்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். லினக்ஸ் கர்னலின் மூலநிரல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஆனால் குறிப்பிட்ட ஓர் அமைவில் அவற்றில் ஒரு பகுதி மட்டுமே கம்பைல் ஆகிறது. நிபந்தனைத் தொகுப்புக் கட்டளைகளுக்குள் இருக்கும் ஒரு பத்தியை மணிக்கணக்கில் படித்த பிறகு, அது நமது கர்னலில் இடம்பெறவே இல்லை என்று அறிவது வீண் உழைப்பு. லினக்ஸில் ஒரு சி கோப்பின் பெயரை அதன் இறுதி எழுத்துக்குப் பதிலாக 'ஐ' எழுத்துடன் மேக் கட்டளைக்குக் கொடுத்தால், மேக்ரோக்கள் அனைத்தும் விரிக்கப்பட்டு, விலக்கப்பட்ட பகுதிகள் நீக்கப்பட்ட வடிவம் கிடைக்கும். கண்ணுக்கு அழகாக இராது என்றாலும், கம்பைலர் பார்க்கும் நிரல் அதுதான்.

அடுத்து, அந்த நிரல் இயங்க வேண்டும். க்யூஎமு போன்ற எமுலேட்டரில் (கணினியைப் பாவனை செய்யும் மென்பொருளில்) அதைப் பூட் செய்து, டீபக்கரை இணைத்து, ஒரு ஃபங்ஷனில் நிறுத்திக் காட்ட முடியும் வரை படிக்கத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. இயக்கிப் பார்க்க முடியாத நிரலைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் ஊகமாகவே இருக்கும். அந்த ஊகம் தவறாக இருந்தாலும் அதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இராது.

கேள்வியையும் இப்போதே குறுக்கிக்கொள்ளுங்கள். "கர்னலைப் புரிந்துகொள்வது" என்பது முடிவுறாத வேலை. "ஒரு கோப்பிலிருந்து படிக்கும்போது தரவு வட்டிலிருந்து பயனர் நினைவகத்துக்கு எந்த வழியாக வருகிறது", "இந்த டிரைவரில் இன்டரப்ட் வந்த பிறகு காத்திருக்கும் பிராசஸ் எப்படி எழுப்பப்படுகிறது" என்பவை முடிக்கக்கூடிய வேலைகள். கேள்விக்கு வெளியே கண்ணில் படும் புதிர்களைத் தனித் தாளில் ஒரு வரியில் குறித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நுழைவாயில்களைக் கண்டுபிடியுங்கள்

சாதாரண நிரலில் முதன்மை ஃபங்ஷனிலிருந்து தொடங்கி முடிவு வரை ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போகலாம். கர்னல் அப்படி அமைந்ததில்லை. பூட் முடிந்த பிறகு அது தானாக எங்கும் செல்வதில்லை. வெளியிலிருந்து யாராவது தட்டினால் பதில் சொல்கிறது. பயனர் நிரல் கர்னலிடம் சேவை கேட்கும் சிஸ்டம் கால் ஒரு வாயில். கவனத்தைக் கேட்டு வன்பொருள் அனுப்பும் இன்டரப்ட் இன்னொன்று. பக்கப் பிழை போன்ற விதிவிலக்குகள் மூன்றாவது. இவற்றோடு டைமர்களும், பின்னணியில் ஓடும் கர்னல் த்ரெட்களும் உண்டு. நீங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இவற்றுள் எந்த வாயிலில் தொடங்குகிறது என்று தீர்மானித்துவிட்டால், படிக்க வேண்டிய நிரலின் அளவு உடனே சுருங்கும்.

பலர் பூட் நிரலிலிருந்து தொடங்குகிறார்கள். அதுவே மிக மோசமான தொடக்கம் என்று நினைக்கிறேன். அங்கே இருப்பது வன்பொருளின் பழைய கணக்குகளைத் தீர்க்கும் அசெம்பிளி. இயங்குதளத்தின் கருத்துகள் எதுவும் அதில் தெரிவதில்லை. அதைக் கடைசியில் படிக்கலாம்.

ஃபங்ஷன்களுக்கு முன் ஸ்ட்ரக்ட்களைப் படியுங்கள்

குறிப்புரை இல்லாத நிரலில் மிக அதிகம் பேசுவது தரவுக் கட்டமைப்புகள்தான். எடுத்துக்கொண்ட துணை அமைப்பின் மையமான இரண்டு அல்லது மூன்று ஸ்ட்ரக்ட்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு வரிசை கொண்ட அட்டவணை தயாரியுங்கள். யார் இதில் எழுதுகிறார், யார் இதைப் படிக்கிறார், அப்போது எந்தப் பூட்டு பிடிக்கப்பட்டிருக்கிறது, முதல் மதிப்பு எங்கே இடப்படுகிறது, எப்போது இது செல்லாததாகிறது என்பவை அதன் நெடுவரிசைகள். சிஸ்கோப் அல்லது கிளாங்டி போன்ற நிரல் தேடல் கருவி கொண்டு ஒரு புலத்தின் எல்லாப் பயன்பாடுகளையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து நிரப்ப வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இந்த அட்டவணை நிரம்பும்போதே ஆவணத்தின் பாதி எழுதி முடிந்துவிடும்.

இந்த அட்டவணை நல்ல நிரலில் எப்படித் தோன்றும் என்பதற்கு எம்ஐடியின் பாடங்களுக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 இயங்குதளத்தைப் பார்க்கலாம். 2006இல் தொடங்கிய அது, யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் அமைப்பைப் பின்பற்றி இன்றைய சி மொழியில் எழுதப்பட்டது. ரிஸ்க்-ஃபைவ் பிராசசருக்கான அதன் வடிவத்தில், பிராசஸைக் குறிக்கும் ஸ்ட்ரக்டின் புலங்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பிராசஸின் சொந்தப் பூட்டைப் பிடித்திருந்தால் மட்டுமே தொடத்தக்கவை முதல் குழு. பெற்றோர் பிராசஸைக் காட்டும் பாயின்டருக்குக் காத்திருப்புப் பூட்டு தேவை. மூன்றாம் குழு அந்தப் பிராசஸுக்கே உரியது என்பதால் பூட்டு தேவையில்லை. மூன்றே குறிப்புரை வரிகள்தான். அவை இல்லாவிட்டால் அதே செய்தியைப் பெற அந்தப் புலங்களைத் தொடும் எல்லா ஃபங்ஷன்களையும் படித்தாக வேண்டும்.

இதையே பயிற்சியாகவும் கொள்ளலாம். எக்ஸ்வி6இன் ஒரு பிரதியில் குறிப்புரைகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, பிராசஸ் மேலாண்மைக் கோப்பை மட்டும் எடுத்து நீங்களே ஆவணப்படுத்துங்கள். பிறகு அசலோடு ஒப்பிடுங்கள். எந்த வகை நிபந்தனைகள் உங்கள் கண்ணுக்குத் தப்புகின்றன என்பது தெரியும். விடைத்தாள் கையில் இருக்கும் இத்தகைய வாய்ப்பு உண்மையான வேலையில் கிடைப்பதில்லை.

லினக்ஸ் போன்ற பெரிய கர்னலில் இன்னொரு கருவியும் வேண்டும். பாஹோல் என்ற கருவி, கம்பைல் ஆன கோப்பிலுள்ள பிழைநீக்கத் தகவலைக் கொண்டு, ஒவ்வொரு புலமும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, இடையில் எங்கே காலியிடம் இருக்கிறது என்று காட்டும். புலங்களின் வரிசை கேஷ் வரிகளைக் (பிராசசரின் விரைவு நினைவகம் ஒருமுறையில் எடுக்கும் அலகுகளைக்) கருதித் தீர்மானிக்கப்பட்டிருந்தால் இங்கே அது வெளிப்படும். அந்தக் காரணம் குறிப்புரையில் இல்லையென்றால் நீங்கள் எழுத வேண்டியவற்றுள் அதுவும் ஒன்று.

ஒரே ஒரு பாதையை முழுதும் பின்தொடருங்கள்

இப்போது தேர்ந்தெடுத்த வாயிலிலிருந்து உள்ளே செல்லலாம். இங்கே முதலில் காலை வாருவது எழுத்துத் தேடல். லினக்ஸில் ரீட் சிஸ்டம் காலின் வரையறையைத் தேடினால் 'சிஸ்_ரீட்' என்ற பெயரில் ஃபங்ஷன் கிடைக்காது. அந்தப் பெயரை ஒரு மேக்ரோ துண்டுகளை ஒட்டி உருவாக்குகிறது. டிரைவரின் தொடக்க ஃபங்ஷனை யார் அழைக்கிறார் என்று தேடினால் யாரும் இல்லை என்றே தோன்றும். மாட்யூல்_இனிட் மேக்ரோ அதன் முகவரியைத் தனியான ஒரு லிங்க்கர் பிரிவில் வைத்துவிட, பூட் நேரத்தில் அந்தப் பிரிவிலுள்ள முகவரிகள் வரிசையாக அழைக்கப்படுகின்றன. கோப்பு முறைமைகளிலும் டிரைவர்களிலும் ஃபங்ஷன் பாயின்டர்கள் அடங்கிய ஸ்ட்ரக்ட் வழியாகவே அழைப்பு நடப்பதால், எந்த ஃபங்ஷனுக்குப் போகிறது என்பது இயங்கும்போதுதான் முடிவாகிறது. எனவே தேடல் எதையும் காட்டவில்லை என்பதைக் கொண்டு ஒரு ஃபங்ஷன் பயன்படுவதில்லை என்று முடிவு செய்யக்கூடாது. லிங்க்கர் ஸ்கிரிப்டையும் மேக் கோப்புகளையும் ஒருமுறையேனும் படித்து வைத்துக்கொண்டால் இத்தகைய மறைமுக அழைப்புகளில் பெரும்பகுதி விளங்கும்.

இதற்கு நேரான வழி, இயங்கும் கர்னலையே கேட்பதுதான். க்யூஎமுவைத் தொடக்கத்திலேயே நிற்கும்படி இயக்கி 1234ஆம் போர்ட்டில் ஜிடிபி டீபக்கரை இணைத்து, சந்தேகமான ஃபங்ஷனில் நிறுத்தி, அழைப்புத் தொடரைப் பாருங்கள். லினக்ஸில் முகவரிகளைத் தற்போக்காக மாற்றும் வசதியை அணைத்துவிட்டால்தான் சின்னங்களும் முகவரிகளும் பொருந்தும். லினக்ஸின் தடமறியும் கருவியான எஃப்ட்ரேஸின் அழைப்பு வரைபட முறையை இயக்கினால், ஒரே ஒரு ரீட் அழைப்பு எந்தெந்த ஃபங்ஷன்களைத் தொட்டது என்ற பட்டியல் உள்தள்ளலோடு கிடைக்கும். அந்த வெளியீடு இயங்குநேர உண்மை. ஆனால் அந்த ஒரு ஓட்டத்தின் உண்மை மட்டுமே. தரவு ஏற்கெனவே பக்கக் கேஷில் (கோப்புத் தரவைக் கர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்தில்) இருந்தால் வட்டைத் தொடும் பாதை அதில் தோன்றாது. ஆகவே கேஷைக் காலி செய்து ஒருமுறை, செய்யாமல் ஒருமுறை எனப் பதிவு செய்து, இரண்டும் பிரியும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிழை நேரும் கிளைகள் இயல்பான ஓட்டத்தில் தெரிவதே இல்லை. அவற்றை நிரலைப் படித்துத்தான் அறிய வேண்டும்.

ஒவ்வொரு ஃபங்ஷனின் நிபந்தனைகளையும் வெளிக்கொணருங்கள்

இந்த வேலையின் மையம் இதுதான். நேரத்தின் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள்.

ஒரு ஃபங்ஷன் எந்தச் சூழலில் அழைக்கப்படலாம் என்பதற்குச் சிறு தடயங்கள் நிரலில் இறைந்து கிடக்கும். லினக்ஸில் மெமரி ஒதுக்கும்போது தூங்க அனுமதிக்கும் கொடியைப் பயன்படுத்தும் ஃபங்ஷனை இன்டரப்ட் கையாளுநரிலிருந்து அழைக்க முடியாது. அணுநிலைக் கொடியைப் பயன்படுத்துகிறது என்றால், தூங்கக்கூடாத இடத்திலிருந்து யாரோ இதை அழைக்கிறார் என்று ஊகிக்கலாம். அது யார் என்று தேட வேண்டும். இன்டரப்டை முடக்கிப் பூட்டைப் பிடிக்கும் வடிவம் பயன்பட்டிருந்தால், அதே பூட்டை ஓர் இன்டரப்ட் கையாளுநரும் பிடிக்கிறது என்பது வலுவான ஊகம். பெயரின் முன் இரண்டு அடிக்கோடுகள் இருந்தால், பூட்டை அழைப்பவரே பிடித்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். எனினும் எல்லா இடங்களிலும் இல்லை என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. திரும்பி வரும் பாயின்டர் வெற்று மதிப்பாக இருக்கலாமா, அல்லது பிழை எண்ணைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கலாமா என்பதும் நிபந்தனையே. முகவரி வெளியின் கடைசி 4095 மதிப்புகளைப் பிழை எண்களுக்காக லினக்ஸ் பயன்படுத்திக்கொள்கிறது. வெற்று மதிப்பை மட்டும் சோதிப்பவர் அங்கே வழுக்கிவிடுவார்.

இவற்றைவிட நுட்பமானவை, இரண்டு ஃபங்ஷன்களைச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் நிபந்தனைகள். எக்ஸ்வி6இன் ஸ்லீப் ஃபங்ஷன் ஏன் ஒரு பூட்டையும் சேர்த்துப் பெறுகிறது என்பது தனியாகப் படித்தால் விளங்காது. காத்திருக்க வேண்டுமா என்று ஒரு பிராசஸ் சோதித்த பிறகும், தூங்கியதாகக் குறிக்கப்படுவதற்கு முன்பும், தூங்குபவரை எழுப்பும் வேக்கப் ஃபங்ஷன் இன்னொரு பிராசசரில் ஓடிவிட்டால் அந்த எழுப்பல் வீணாகிவிடும். முதல் பிராசஸ் பிறகு விழிக்காமலே போகலாம். அதனால் ஸ்லீப் முதலில் பிராசஸின் சொந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகே அழைப்பவரின் பூட்டை விடுகிறது. வேக்கப்பும் தூங்குபவரின் நிலையைப் பார்க்க அதே சொந்தப் பூட்டைப் பிடித்தாக வேண்டும் என்பதால் அந்த இடைவெளி அடைபடுகிறது. இரண்டு வரிகளின் வரிசையில் இவ்வளவு அடங்கியிருக்கிறது. குறிப்புரை இல்லாத பிரதியில், "முன்னதாகவே பூட்டை விட்டுவிட்டால் வேகமாக இருக்குமே" என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் அந்த வரிசையை மாற்றிவிடலாம்.

அதே கோப்பில், அடுத்து ஓட வேண்டிய பிராசஸைத் தேர்வு செய்யும் ஷெட்யூலருக்குத் தாவும் ஃபங்ஷன் தொடங்கியவுடன் நான்கு சோதனைகளைச் செய்கிறது: பிராசஸின் பூட்டு பிடிக்கப்பட்டிருக்க வேண்டும், அது தவிர வேறு பூட்டு கையில் இருக்கக்கூடாது, பிராசஸின் நிலை "ஓடுகிறது" என்று இருக்கக்கூடாது, இன்டரப்ட் முடக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் கர்னல் நின்றுவிடும். இந்தச் சோதனைகளே நிபந்தனைப் பட்டியல். அறிமுகமில்லாத எந்தக் கர்னலிலும் முதலில் எல்லா பேனிக் (கர்னலை நிறுத்தும்) அழைப்புகளையும் அஸெர்ட் (நிபந்தனையைச் சோதிக்கும்) வரிகளையும் திரட்டிப் படித்துவிடுங்கள். எழுதியவர் எதற்கு அஞ்சினார் என்பது அங்கே இருக்கும்.

சூழல் மாற்றும் அசெம்பிளிக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். எக்ஸ்வி6இன் ரிஸ்க்-ஃபைவ் வடிவம் 32 ரெஜிஸ்டர்கள் இருந்தும் 14ஐ மட்டுமே சேமிக்கிறது. திரும்பும் முகவரி, ஸ்டாக் பாயின்டர், அழைக்கப்பட்டவர் காப்பாற்ற வேண்டிய 12 ரெஜிஸ்டர்கள் ஆகியவை அவை. மற்றவற்றில் தேவையானதை, இந்த ஃபங்ஷனை அழைக்கும் சி நிரலுக்காகக் கம்பைலர் ஏற்கெனவே ஸ்டாக்கில் சேமித்திருக்கும். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் போல இதுவும் கம்பைலரை நம்பியே நிற்கிறது. ஆனால் இங்கே நம்பப்படுவது எழுதி வெளியிடப்பட்ட அழைப்பு நெறி. எதை நம்புகிறோம் என்று பெயர் சொல்லிக் குறிப்பது ஏன் தேவை என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

பூட்டுகளின் வரிசை ஒரு ஃபங்ஷனுக்குள் அடங்குவதில்லை. இரண்டு பூட்டுகளை ஒருசேரப் பிடிக்கும் ஒவ்வோர் இடத்தையும் கண்டெடுத்து, எது முதலில் பிடிக்கப்படுகிறது என்று அம்புக்குறிகளால் வரைந்து, சுழற்சி ஏதும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். லினக்ஸின் மெமரி மேலாண்மை அடைவிலுள்ள 'ஆர்மேப்' கோப்பின் தலைப்பில் இத்தகைய வரிசை முழுவதும் உள்தள்ளலோடு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஆவணத்துக்கு அதை மாதிரியாகக் கொள்ளலாம்.

எண்களின் பின்னுள்ள வன்பொருள்

டிரைவர்களிலும் தொடக்க நிரலிலும் பெயரில்லாத எண்கள் மலிந்திருக்கும். பழைய பிசி கணினிகளின் 8259 இன்டரப்ட் கட்டுப்படுத்தி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பதினாறடிமான 20 என்ற ஒரே எண் அதைக் கையாளும் நிரலில் மூன்று பொருளில் வரலாம்: கட்டுப்படுத்தியின் கட்டளைப் போர்ட்டின் முகவரி, இன்டரப்ட் முடிந்தது என்று அறிவிக்கும் கட்டளை, முதல் வன்பொருள் இன்டரப்டுக்கு ஒதுக்கப்படும் எண். மூன்றாவதற்குக் காரணம், முதல் 32 எண்களை இன்டெல் பிராசசரின் விதிவிலக்குகளுக்கென ஒதுக்கியிருப்பது. ஒரே எண் என்பதால் ஒரே மாறிலி என்று பெயரிட்டுவிட்டால் நிரல் ஓடும். அடுத்துப் படிப்பவர் ஏமாறுவார். ஒவ்வோர் எண்ணுக்கும் வன்பொருள் கையேட்டின் பெயரையும் பிரிவையும் குறிப்பிடுங்கள். பக்க எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பிரிவின் தலைப்பு அவ்வளவு எளிதில் மாறாது.

வரலாற்றைத் தோண்டுங்கள்

நிரல் பேசாத இடத்தில் கமிட் செய்தி பேசும். கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் பிளேம் கட்டளை ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவரைக் காட்டுகிறது. ஆனால் அது பெரும்பாலும் உள்தள்ளலை மாற்றிய அல்லது கோப்பை நகர்த்திய கமிட்டாக இருக்கும். இடைவெளி மாற்றங்களைப் புறக்கணிக்கும் தெரிவையும், கோப்புகளிடையே நகர்ந்த வரிகளைப் பின்தொடரும் தெரிவையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். அதைவிடப் பயனுள்ளது கிட் லாக் கட்டளையின் பெரிய 'எஸ்' தெரிவு. ஒரு சொல் நிரலில் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையை மாற்றிய கமிட்களை மட்டும் அது தரும் என்பதால், அந்தச் சொல் பிறந்த கமிட்டை நேராக எட்டலாம்.

பிழைத்திருத்தக் கமிட்களைத் தனியாகத் தேடிப் படியுங்கள். ஒரு வசதியைச் சேர்க்கும் கமிட் எது நடக்க வேண்டும் என்று சொல்லும். ஒரு பிழையைத் திருத்தும் கமிட், எந்த நிபந்தனை மீறப்பட்டது, மீறப்பட்டபோது என்ன ஆயிற்று என்று சொல்லும். நாம் தேடுவது இரண்டாவதைத்தான். பிழையை உண்டாக்கிய பழைய கமிட்டைச் சுட்டும் 'ஃபிக்ஸஸ்' வரி லினக்ஸில் இருப்பதால் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். லினக்ஸின் கிட் வரலாறு 2005 ஏப்ரலில், 2.6.12இன் இரண்டாம் முன்வெளியீட்டில்தான் தொடங்குகிறது. அந்த முதல் கமிட்டில் வந்து முட்டினால் அதுவே நிரலின் பிறப்பு என்று கொள்ள வேண்டாம். அதற்கு முந்தைய ஆண்டுகளின் வரலாறு தனிக் களஞ்சியங்களாகத் தொகுத்து வைக்கப்பட்டுள்ளது.

கண்டதைச் சான்றின் தரத்தோடு எழுதுங்கள்

குறிப்பேட்டில் ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில், அது எப்படித் தெரிந்தது என்று குறியுங்கள்: நிரலில் படித்தது, இயக்கிப் பார்த்தது, கமிட் செய்தியில் கண்டது, ஊகித்தது. ஊகத்தை ஊகமென்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உறுதியான தொனியில் எழுதப்பட்ட தவறான குறிப்புரையைச் சந்தேகிக்க அடுத்து வருபவருக்குக் காரணம் இராது. குறிப்புரையே இல்லாத நிரலைவிட அது கேடானது. ஏற்கெனவே உள்ள குறிப்புரைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். நிரல் மாறியபோது அவை கூடவே மாறின என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

பின்பு குறிப்பேட்டிலிருந்து நிரலுக்குள் எதைக் கொண்டுபோவது என்று தெரிவு செய்ய வேண்டும். "பட்டியலில் சேர்க்கிறது", "எண்ணிக்கையைக் கூட்டுகிறது" என்று நிரல் சொல்வதையே திருப்பிச் சொல்லும் வரிகள் வேண்டாம். ஸ்லீப் ஃபங்ஷனுக்கு எழுதுவதாக இருந்தால் இப்படி அமையலாம்:

/*
 * அழைப்பவர் தன் பூட்டைப் பிடித்திருக்க வேண்டும். திரும்பும்போதும் அது பிடிக்கப்பட்டிருக்கும்.
 * இடையில் அது விடப்படுவதால், விழித்த பிறகு நிபந்தனையை மீண்டும் சோதிக்க வேண்டும்.
 * பிராசஸின் பூட்டைப் பிடித்த பின்னரே அழைப்பவரின் பூட்டை விட வேண்டும்;
 * வரிசை மாறினால் வேக்கப் தவறிவிடும்.
 * இன்டரப்ட் கையாளுநரிலிருந்து அழைக்கக்கூடாது.
 */

இந்தக் கூற்றுகள் எல்லாமே மீறக்கூடியவை. மீறினால் என்ன ஆகும் என்று சோதிக்கவும் கூடியவை. லினக்ஸில் இதே செய்தியைக் கர்னல்-டாக் வடிவத்தில், அளபுருக்களுக்குத் தனி வரிகளும் சூழலுக்கும் திரும்பும் மதிப்புக்கும் தனிப் பகுதிகளுமாக எழுதினால், ஆவணத் தொகுப்பில் எளிதில் சேர்த்துக்கொள்ளலாம். மெமரி பேரியர்களுக்கு (மெமரி அணுகல்களின் வரிசையை உறுதிசெய்யும் கட்டளைகளுக்கு), எந்த இரண்டு மெமரி அணுகல்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன, எதிர்ப்பக்கத்தில் இதற்கு இணையான பேரியர் எந்த ஃபங்ஷனில் இருக்கிறது என்ற இரண்டையும் எழுதாமல் விடாதீர்கள். குறிப்புரை இல்லாத பேரியரை லினக்ஸின் செக்பேட்ச் கருவியே சுட்டிக்காட்டும்.

பல கோப்புகளில் பரவியிருக்கும் செய்தி, அதாவது ஒரு பொருளின் வாழ்நாள், பூட்டு வரிசை, ஒரு வேண்டுகோள் கடக்கும் பாதை போன்றவை, தனி ஆவணத்துக்கு உரியவை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ் 1970களில் யூனிக்ஸ் ஆறாம் பதிப்புக்கு விளக்கவுரை எழுதியபோது, வரிசைப்படுத்தி எண்ணிட்ட மூலநிரல் ஒரு தொகுதியாகவும் விளக்கம் இன்னொரு தொகுதியாகவும் அமைந்தன. வரி எண்ணைச் சொல்லி விளக்க முடிந்தது. அந்த நிரல் சுமார் 9,000 வரிகளுக்குள் உறைந்து நின்றது. மாறிக்கொண்டே இருக்கும் களஞ்சியத்தில் வரி எண்கள் சில வாரங்களில் பொய்யாகும். ஆகவே ஃபங்ஷன் பெயர்களையும் ஸ்ட்ரக்ட் புலங்களையும் சுட்டுங்கள். எந்தக் கமிட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்பதை ஆவணத்தின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.

எழுதியதை இயந்திரத்தைக் கொண்டு சோதியுங்கள்

"இந்தப் பூட்டு பிடிக்கப்பட்டிருக்க வேண்டும்" என்று எழுதினீர்கள் என்றால், அதையே ஓர் அஸெர்ட் வரியாகவும் இடுங்கள். 2006இல் 2.6.18 பதிப்பில் லினக்ஸில் சேர்ந்த, பூட்டுப் பயன்பாட்டைச் சரிபார்க்கும் லாக்டெப் வசதியை இயக்கி, பூட்டு பிடிக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்யும் மேக்ரோவைச் சேர்த்துச் சோதனைகளை ஓட்டினால், உங்கள் கூற்று பொய்யாகும் இடத்தில் கர்னல் எச்சரிக்கை விடுக்கும். அப்போது தவறு உங்கள் புரிதலிலா நிரலிலா என்று ஆராய வேண்டும். சில வேளைகளில் உண்மையான பிழையே சிக்கும். எமுலேட்டரில் எதிர்ச்சோதனையும் செய்யலாம். வரிசை முக்கியம் என்று எழுதிய இடத்தில் வரிசையை மாற்றி, பல பிராசசர்களோடு இயக்கி, சொன்ன விளைவு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டாலும் கூற்று தவறென்று ஆகிவிடாது. நேர ஒழுங்கைப் பொறுத்து எழும் போட்டி நிலைப் பிழைகள் அரிதாகவே வெளிப்படும். வந்துவிட்டால் அதைவிட வலுவான சான்று வேறில்லை.

குறிப்புரை மட்டுமே சேர்த்த பேட்சுக்கு (திட்டத்துக்கு அனுப்பும் மாற்றத் தொகுப்புக்கு) இன்னொரு சோதனை உண்டு. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து, இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகளிலும் உள்ள இயந்திர நிரலை ஒப்பிடுங்கள். வரி எண்ணைப் பதிவு செய்யும் மேக்ரோக்களும் பிழைநீக்கத் தகவலும் தவிர வேறெதுவும் மாறியிருக்கக்கூடாது. இந்த ஒப்பீட்டைச் செய்ததாகப் பேட்சின் விளக்கத்தில் குறிப்பிட்டால், பராமரிப்பாளரின் தயக்கம் பாதி குறையும். அஸெர்ட் சேர்க்கும் பேட்சையும் குறிப்புரைப் பேட்சையும் தனித்தனியாக அனுப்புங்கள். முதலாவது விவாதத்தில் சிக்கினாலும் இரண்டாவது தேங்காது.

ஒரே பேட்சில் கோப்பு முழுவதையும் விளக்க முயல்வதைவிட, ஒரு ஸ்ட்ரக்ட் அல்லது ஒரு பூட்டு பற்றிய சிறு பேட்சாக அனுப்புவதே நல்லது. அந்த நிரலை எழுதியவர் இன்னும் அந்தத் திட்டத்தில் இருந்தால், "இது எப்படி வேலை செய்கிறது" என்று வெறுமனே கேட்டால் பதில் வருவது அரிது. நிபந்தனைகளை நீங்களே எழுதி, ஊகமான வரிகளை அடையாளமிட்டு, "இது சரியா" என்று கேட்டால் பெரும்பாலும் திருத்தத்தோடு வந்து சேரும். ஊகம் என்ற குறியை அந்தத் திருத்தத்துக்குப் பிறகு நீக்கலாம். பதிலே வராத வரிகளைக் குறியோடே ஆவணத்தில் விட்டு வையுங்கள்.